கொதிக்க வைத்தால் போதுமா?



கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வயிற்றுப்போக்கோடு பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மாரிடம் எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டால், "குழாய்த் தண்ணீர்தான் ஐயா" என்பார்கள். குழாயில் வந்தாலே நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை அந்தப் பதிலில் இருக்கிறது.

திருவண்ணாமலை நகருக்கு, 1958-இல் தென்பெண்ணையில் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் நீர் வருகிறது. கிராமங்களிலோ பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து விடுகிறார்கள். மருந்து கலந்தபின் அரை மணி நேரமாவது நின்றால்தான் கிருமி சாகும். திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் குறைந்துவிடும். குழாயில் லேசான மருந்து வாசனை அடித்தால் முகம் சுளிக்கிறோம். உண்மையில் அது நமக்குக் காவல். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

தொட்டியில் சுத்தமாயிருந்த நீர் வழியில் கெடுவதுதான் அதிகம். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, ஒழுகும் இணைப்பு வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். வேகம் போதாதென்று வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்துகிறோமே, மழைநாளில் அந்தப் பள்ளத்தில் நிற்பது என்ன நீர்? முதலில் வரும் நீரைக் கொட்டிவிடுங்கள். குடிப்பதை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியபின் கைவிட்டு மொள்ள வேண்டாம்.

ஆனால் கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று உண்டு. நம் மாவட்டம் பெரும்பாலும் கடினப் பாறை நிலம். பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய நீரில் சில இடங்களில் ஃபுளோரைடு கரைந்திருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை படியும். மிக அதிகமான நீரைப் பல ஆண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். காய்ச்சக் காய்ச்ச நீர்தான் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே உங்கள் சபையிலோ பள்ளியிலோ போர் போட்டால் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. ஃபுளோரைடு பார்க்கச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கிருமி பார்க்க, கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, நீரைப் பிடித்த அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.