வெள்ளைக்காரர் காசா... நோயாளி காசா? வேலூர் சி.எம்.சி. ஓடுவது எப்படி?

வேலூர்: காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் வடமாநிலத்துக்காரர்களில் பலர் கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். ஆட்டோக்காரரிடம் அவர்கள் சொல்வது ஒரே வார்த்தைதான்... சி.எம்.சி. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகூட இந்தியிலும் வங்காளியிலும் தொங்குகிறது.

இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியும், மருத்துவக் கல்லூரியும், நர்சிங் கல்லூரியும் யார் காசில் ஓடுகிறது? டீக்கடையில் கேட்டால், "அதெல்லாம் அமெரிக்கா சர்ச் பணம்ப்பா" என்பார் ஒருவர். "கவர்மென்ட்டு கொடுக்குது" என்பார் இன்னொருவர். "நம்மகிட்ட வாங்குற பில்லுதான்" என்பார் மூன்றாவது ஆள்.

இதில் மூன்றாவது ஆள் சொல்வதில்தான் உண்மை அதிகம். அதற்காக முதல் ஆள் சொன்னது பொய் என்றும் தள்ள முடியாது. அவர் சொல்வது அந்தக் காலத்துக் கதை!

10 ஆயிரம் டாலரில் தொடக்கம்

சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி குடும்பம். பெண் டாக்டர் இல்லாத காரணத்தால் திண்டிவனத்தில் ஒரே இரவில் 3 பெண்கள் பிரசவத்தில் இறந்து போனதைப் பார்த்துத்தான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார்.

படித்து முடித்து 1900-ல் திரும்பி வந்தபோது அவர் கையில் 10 ஆயிரம் டாலர் இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கி முதலாளி, இறந்துபோன தன் மனைவி நினைவாகக் கொடுத்த நன்கொடை அது. அந்தப் பணத்தில் 1902-ல் 40 படுக்கைகளோடு பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆரணி ரோட்டில் இன்றும் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பமானது. அதற்கும் பணம் வேண்டுமே! 1920-களில் அமெரிக்க சர்ச்சுகளைச் சேர்ந்த பெண்கள் டாலர் டாலராக வசூல் செய்தார்கள். 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்று ராக்பெல்லர் குடும்ப அறக்கட்டளை அறிவித்தது. சொன்னபடியே சேர்த்தார்கள். அந்தப் பணம் ஆசியாவில் உள்ள பெண்கள் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வேலூருக்கும் பங்கு வந்தது. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் வந்தது.

மூடு விழா ஆபத்து

அடுத்த சோதனை 1930-களின் கடைசியில் வந்தது. பழைய எல்.எம்.பி. படிப்பு இனி கிடையாது, எம்.பி.பி.எஸ்.தான் நடத்த வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு எடுத்தது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி, கூடுதல் படுக்கை, பட்டம் பெற்ற பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கு மூடு விழாதான்.

அப்போது ஐடாவுக்கு வயது 70-ஐ நெருங்கிவிட்டது. அந்த வயதிலும் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகச் சுற்றி நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பல சபைகளைச் சேர்ந்த சர்ச்சுகள் ஒன்றாகக் கைகோர்த்ததால்தான் இது முடிந்தது.

ஆக, கல்லூரியின் அஸ்திவாரம் வெளிநாட்டு சர்ச் காசு. அதில் சந்தேகம் இல்லை.

இன்று யார் காசு?

இன்று நிலைமை தலைகீழ். அன்றாடச் செலவில் பெரும்பகுதி நோயாளிகள் கட்டும் கட்டணத்தில் இருந்துதான் வருகிறது. சம்பளம், மருந்து, கரண்ட் பில் எல்லாம் இதில் அடக்கம்.

கணக்கு இப்படித்தான். வசதி உள்ளவர் பிரைவேட் ஓ.பி.யில் காட்டுகிறார், தனி ரூம் எடுக்கிறார். அவருக்குக் கட்டணம் கூடுதல். அதில் மிஞ்சும் பணம் ஜெனரல் வார்டு ஏழைக்குச் சலுகையாகப் போகிறது. நிர்வாகம் பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் கையில் இருக்கிறது. லாபத்தைப் பங்கு போட முதலாளி கிடையாது. டாக்டர்களுக்கும் சம்பளம் மட்டும்தான். வெளியே கிளினிக் வைத்து பிராக்டீஸ் செய்ய முடியாது.

நன்கொடை அடியோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேலூருக்காகவே நண்பர்கள் அமைப்புகள் உள்ளன. ஆனால் வெளிநாட்டுப் பணம் நினைத்தபடி வந்து இறங்க முடியாது. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை சட்டப்படி, எந்தத் தொண்டு அமைப்பாக இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் முதலில் பணத்தை வாங்க வேண்டும்.

கொரோனா காட்டிய பாடம்

நோயாளி காசை நம்பி ஓடுவதில் ஆபத்தும் உண்டு. 2020-ல் ஊரடங்கு வந்ததும் ரயில் நின்றது. ஓ.பி. கூட்டம் காணாமல் போனது. ஏற்கனவே வந்திருந்த வடமாநிலத்தவர்கள் லாட்ஜில் சிக்கித் தவித்தார்கள். மே மாதம் காட்பாடியில் இருந்து சிறப்பு ரயில் விட்டுத்தான் அவர்களை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

கூட்டம் இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லை என்றால் ஏழைக்குச் சலுகை எங்கிருந்து வரும்? ஆட்டோ, லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை என்று வேலூரில் பாதிப் பிழைப்பும் இதே கூட்டத்தை நம்பித்தான் ஓடுகிறது.

திருப்பதியில் வேறு கணக்கு

பக்கத்திலேயே திருப்பதியில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தது. 1995-ல் ஆந்திர அரசு சட்டம் போட்டு அதைத் தனிப் பல்கலைக்கழகம் ஆக்கியது. அங்கே ஏழுமலையான் பணம் பின்னால் நிற்கிறது.

சி.எம்.சி.க்கு அப்படி உண்டியலும் கிடையாது, தனிப் பல்கலைக்கழக அந்தஸ்தும் கிடையாது. இங்கே படிப்பவர்களுக்குப் பட்டம் கொடுப்பது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான்.

3 ஆயிரம் ரூபாயில் டாக்டர் படிப்பு

மற்ற தனியார் கல்லூரிகளில் டாக்டர் சீட்டுக்கு லட்சம் லட்சமாகக் கேட்கும்போது, சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். டியூஷன் கட்டணம் பல ஆண்டுகளாக வருஷத்துக்கு 3 ஆயிரம் ரூபாய்தான்! விடுதி, சாப்பாடு மற்ற கட்டணங்கள் தனி.

இது சும்மா இல்லை. சர்ச் சிபாரிசில் சேரும் மாணவர், படித்து முடித்ததும் 2 ஆண்டு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது குக்கிராமமாக இருக்கும். காசாகக் கட்டாததை உழைப்பாகக் கட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு உரிமை வேண்டும் என்றுதான் நீட் தேர்வு விவகாரத்தில் சி.எம்.சி. கோர்ட்டுக்குப் போனது. 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரைத்தான் சேர்த்தது. 99 இடம் காலி! நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2020 ஏப்ரல் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் கட்டாயம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. நீட் எழுதாமல் இப்போது யாரும் சேர முடியாது.

ஏழைகள் என்ன செய்யலாம்?

பணம் இல்லாதவர்கள் முதலில் ஜெனரல் ஓ.பி.யில் பதிவு செய்வது நல்லது. பில் கட்ட முடியாத நிலை என்றால் டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ கூச்சப்படாமல் சொல்லலாம். குடும்ப நிலவரத்தை விசாரித்துவிட்டுத்தான் சலுகை தருவார்கள். கேட்டவர் எல்லோருக்கும் முழு இலவசம் கிடையாது.

வேலூர் நகர ஏழைகளுக்காகக் குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு 1982 முதல் தனியாக இயங்குகிறது. கே.வி.குப்பம் வட்டாரத்து மக்களுக்கு 1977-ல் தொடங்கிய ருசா மருத்துவமனை இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. "சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வைக்கிறேன், பில்லைக் குறைத்துத் தருகிறேன்" என்று புரோக்கர் யாராவது வந்தால் நம்ப வேண்டாம். பணத்தைக் கவுண்ட்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுப் பணத்தில்தான் பக்கத்துப் படுக்கை ஏழைக்கும் வைத்தியம் நடக்கிறது.