நலவாழ்வு மேம்பாட்டுத் திட்டங்கள்: கல்லூரி மாணவர் திட்டமிடலும் களப்பணியும்

நலவாழ்வு மேம்பாடு என்பது, மக்கள் தங்கள் உடல்நலத்தின் மீது தாங்களே கூடுதலான பிடி கொள்ளவும் அதனை உயர்த்திக்கொள்ளவும் வழிசெய்யும் நடைமுறை ஆகும். உலக சுகாதார நிறுவனம் 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் கூட்டிய மாநாட்டில் வெளியான ஒட்டாவா சாசனம் இப்பொருளிலேயே இதனை வரையறுத்தது. நலத்திற்கு உகந்த அரசுக் கொள்கை, துணைநிற்கும் சூழல், சமூகத்தின் கூட்டுச் செயல், தனிமனிதரின் திறன், மருத்துவச் சேவைகளின் போக்கை மாற்றுதல் என ஐந்து பணிக்களங்களை அச்சாசனம் சுட்டியது. அறிவுரை கூறுவது இந்த ஐந்தில் ஒன்றின் ஒரு பகுதி மட்டுமே என்பதை மாணவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

இலங்கையில் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் மிகிந்தலை வளாகத்தில் இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பே உள்ளது. தமிழ்நாட்டில் செவிலியம், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம் பயில்வோருக்கு இது பாடம். மற்ற மாணவர்களில் பெரும்பாலோர் இதனைச் சந்திப்பது நாட்டு நலப்பணித் திட்டத்தில்தான். 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் சேரும் மாணவர், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றி, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்க வேண்டும்.

அந்த ஏழு நாள்களில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு பேரணி, ஒரு பதாகை, துண்டறிக்கை, முழக்கம், நிறைவு விழா, நிழற்படம். மாணவர்கள் உண்மையாகவே வியர்வை சிந்துகிறார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊரில் எது மாறியது என்று கேட்டால் விடை இருப்பதில்லை. திட்டமிடல் என்ற பாடம் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. டெங்குத் தடுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைப் பார்ப்போம்.

பின்னிருந்து முன்னோக்கித் திட்டமிடுதல்

அமெரிக்க அறிஞர் லாரன்ஸ் கிரீன் 1970களில் உருவாக்கி, பின்னர் மார்ஷல் குரூட்டருடன் சேர்ந்து விரிவாக்கிய பிரிசீட்–புரொசீட் என்னும் திட்டமிடல் முறை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. பெயர் கடினமாக இருந்தாலும் கருத்து எளியது. ‘என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?’ என்று தொடங்காமல், ‘முடிவில் என்ன மாறியிருக்க வேண்டும்?’ என்று தொடங்கிப் பின்னோக்கி நடந்து வருவதே அது. ஊரில் டெங்கு குறைய வேண்டும். அதற்கு ஏடிஸ் கொசு குறைய வேண்டும். அதற்கு வீட்டில் உள்ள தண்ணீர்ப் பாத்திரங்களில் புழு இருக்கக்கூடாது. அப்படியானால் அந்த டிரம் ஏன் மூடப்படவில்லை?

இக்கேள்விக்கு அம்முறை மூன்று வகைக் காரணங்களைத் தேடச் சொல்கிறது. முதலாவது, மனத்தில் இருப்பது. கொசு சாக்கடையில்தான் வளரும் என்று பலர் நம்புகிறார்கள். ஏடிஸ் கொசுவோ குடத்திலும் தொட்டியிலும் உள்ள தெளிந்த நீரில் முட்டையிடுவது. இரண்டாவது, கைக்கு எட்டுவது. நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் தண்ணீரைச் சேமித்து வைக்காதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? டிரம்முக்கு மூடியே இல்லாத வீட்டில் மூடி வையுங்கள் என்பது என்ன அறிவுரை? மூன்றாவது, செய்ததைத் தொடரவைப்பது. தன் வீட்டுத் தொட்டியைக் கழுவிய பெண், அடுத்த வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழைய டயரைப் பார்த்துச் சலித்துப்போவார். இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியே பறப்பதால், ஒரு வீடு மட்டும் தூய்மையாக இருந்து பயனில்லை.

காரணம் தெரிந்தால் வேலையும் மாறுகிறது. பதாகைக்குச் செலவிடும் பணத்தில் பழைய வேட்டி, சேலைத் துணிகளைச் சேகரித்து, டிரம் வாய்க்கு ஏற்ற அளவில் கயிறு கோத்த மூடுதுணிகளைத் தைத்துவிடலாம். தண்ணீர் வரும் நாளை முறைப்படுத்தும்படி ஊராட்சியில் ஊர்மக்களோடு சேர்ந்து மனுக் கொடுக்கலாம். இரண்டாவது வேலை சிறப்பு முகாமில் அடங்காது என்பதால் பலரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் சாசனம் சொல்லும் ‘துணைநிற்கும் சூழல்’ என்பது இதுவே.

எண்ணிப் பார்த்தல்

‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று நோக்கம் எழுதினால் அது நிறைவேறியதா என்று எவராலும் சொல்ல முடியாது. நோக்கத்தில் யார், எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். ‘கீழத்தெருவில் புழு உள்ள வீடுகளின் எண்ணிக்கையை மூன்று மாதத்திற்குள் பாதியாகக் குறைத்தல்’ என்பது நோக்கம்.

இதனை அளக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் பயன்படுத்தும் குறியீடுகளே போதும். ஒரு தெருவில் 50 வீடுகளைச் சோதித்ததில் 12 வீடுகளில் புழு இருந்தது எனக் கொள்வோம். வீட்டுக் குறியீடு 24 விழுக்காடு. தண்ணீர் உள்ள 200 பாத்திரங்களைப் பார்த்ததில் 18-இல் புழு இருந்தால், பாத்திரக் குறியீடு 9 விழுக்காடு. நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்று கணக்கிட்டால் 36 வரும். இதுவே பிரேட்டோ குறியீடு. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒரு டார்ச் விளக்கும் ஒரு குறிப்பேடும் இருந்தால் எந்தத் துறை மாணவரும் செய்யலாம். ஆட்டுரல் குழி, கொட்டாங்குச்சி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, மொட்டைமாடித் தொட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என அளப்பது குறைந்தபட்சத் தேவை. ஆனால் அதுவும் ஏமாற்றக்கூடும். மழைக்காலத்தில் தொடங்கித் தை, மாசியில் அளந்தால், மழை நின்றதாலேயே புழு குறைந்திருக்கும். ஆகவே, எந்தப் பணியும் செய்யாத இன்னொரு தெருவையும் அதே நாள்களில் அளந்து ஒப்பிட வேண்டும். அங்கும் அதே அளவு குறைந்திருந்தால் அது மாணவர்களால் விளைந்த மாற்றம் அன்று. ஒப்பீடு முடிந்ததும் அந்தத் தெருவிலும் பணியைச் செய்து கொடுப்பதே முறை. வெறும் எண்ணிக்கைக்காக ஒரு தெருவை விட்டுவைக்கக் கூடாது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஏடிஸ் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். முகாமின் நீளமும் அதுவே! முதல் நாள் மாணவர்கள் கழுவிய தொட்டியில், அவர்கள் பேருந்து ஏறும் நேரத்தில் அடுத்த தலைமுறை சிறகு விரிக்கத் தயாராகிறது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏழு நாள் முகாமில் இப்பழக்கம் வேரூன்றாது. ஆண்டு முழுவதும் பரவிய வழக்கமான பணி நேரத்தைச் சனிக்கிழமைதோறும் ஒரே ஊருக்கு ஒதுக்கி, முகாமை அதன் தொடக்கமாக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

களத்தில்

ஊராட்சித் தலைவர், கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர் ஆகியோரிடம் முன்பே பேச வேண்டும். தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றும் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு எந்த வீட்டில் எந்தத் தொட்டி என்பது அத்துப்படி. ஒரு நாள் அவர்கள் பின்னால் நடந்தாலே போதும், பாதித் திட்டம் எழுதிவிடலாம். காலை பத்து மணிக்குப் போனால் பல வீடுகள் பூட்டியிருக்கும். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பார்கள். மாலை நேரமே உகந்தது. வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்பதும், மாணவிகள் குழுவில் இருப்பதும் கட்டாயம்.

புழு இருந்த வீட்டைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பதோ, அந்த வீட்டாரை நிற்கவைத்துப் படம் எடுப்பதோ கூடாது. வெட்கப்பட்டவர் மறுமுறை கதவைத் திறக்கமாட்டார். மாறாக, ஒரு கண்ணாடிக் குவளையில் நெளியும் புழுவை அந்த வீட்டுப் பிள்ளைகளிடமே காட்டினால், அடுத்த வாரம் தொட்டியை எட்டிப்பார்ப்பது அவர்கள் வேலையாகிவிடும். முப்பது ஆண்டு வகுப்பறையில் கண்டவரை, முழக்கத்தைக் காட்டிலும் இப்படிக் கண்ணால் பார்த்ததே பிள்ளைகளிடம் நிற்கிறது.

பின்லாந்தின் எடுத்துக்காட்டு

சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்லாந்தின் வட கரேலியா திட்டம் புகழ்பெற்ற சான்று. இதயநோயால் ஆண்கள் இளம் வயதிலேயே இறந்துகொண்டிருந்த அம்மாகாணத்தில், மக்களே அரசிடம் முறையிட்டதன் பேரில் 1972-இல் திட்டம் தொடங்கியது. தலைமையேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. புகைப்பதை விடுங்கள், வெண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. மார்த்தா அமைப்பின் இல்லத்தரசிகளோடு சேர்ந்து காய்கறி கூட்டிய உணவைச் சமைத்துக் காட்டினார்கள்; உணவு நிறுவனங்களோடு பேசி உப்பும் கொழுப்பும் குறைந்த பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்; பால்பண்ணை வருமானம் குறையும் என்று அஞ்சிய உழவர்களுக்குப் பெர்ரிப் பழச் சாகுபடியை மாற்று வழியாகக் காட்டினார்கள். 1997 வரை 25 ஆண்டுகள் திட்டம் நடந்தது. உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு வீதம் பின்னாளில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறைந்தது.

கல்லூரி மாணவர்களுக்கு 25 ஆண்டு இல்லை; மூன்றாண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். ஆகவே யாரிடம் ஒப்படைப்பது என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவோ, ஊர்ப் பள்ளியோ, அடுத்த ஆண்டு மாணவர் அணியோ, யாராயினும் தெரு வரைபடமும் மாதவாரி எண்களும் அடங்கிய குறிப்பேடு அவர்கள் கைக்குச் சேர வேண்டும். புழு குறையவில்லை என்றால் அதையும், எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன, எத்தனை மூடுதுணிகள் ஒரு மாதத்தில் கரித்துணியாயின என்பதையும் அந்தக் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். மதிப்பெண்ணுக்காகத் திருத்திய எண்ணை நம்பி அடுத்த அணி அந்தத் தெருவை விட்டுவிட்டு வேறு தெருவுக்குப் போனால், அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சலில் படுப்பது அந்தத் தெருப் பிள்ளைகள்தாம்.