உங்களுக்குத் தெரியுமா? விரல் நுனியில் கணினித் திரை

திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றோர் விரலால் தொட்டு வாசிக்க உதவும் கருவி, பிரெய்ல் டிஸ்ப்ளே. இதில் பெரும்பாலும் 14 முதல் 80 வரையிலான எழுத்துக் கட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கும்.

• காகிதப் பிரெய்லில் ஒரு கட்டத்துக்கு 6 புள்ளிகள், இதில் 8. அதனால் 64 ஆக இருந்த வடிவங்கள் 256 ஆகின்றன. கீழே உள்ள கூடுதல் புள்ளிகள் கர்சர் நிற்கும் இடத்தையும் காட்டும்.

• மின்னழுத்தம் கொடுத்ததும் உள்ளே இருக்கும் பீசோ மின்பட்டை வளைந்து, புள்ளி மேலெழும்.

• கட்டத்தை ஒட்டிய பொத்தானை அழுத்தினால், கர்சர் அந்த எழுத்துக்கே வந்துவிடும்.

• திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் குரலில் நழுவிவிடும் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் விரலுக்குத் தப்பாது. நிரல் எழுதுவோருக்கும் பிழை திருத்துவோருக்கும் இது பெரும் பலம்!