நிலா கடன்... சூரியன் ரொக்கம்!

"ஏஞ்சாமி, ராத்திரி முச்சூடும் மொட்டை மாடியில நின்னியே... நெலா எங்க?" என்றார் அம்மா. கேமராவில் இருந்தது, இட்லி மாவு சிந்தின மாதிரி ஒரு வெள்ளை இழுவல்!

என் டெலஸ்கோப்பின் லென்ஸ் 60 மி.மீ., குவிதூரம் 900 மி.மீ. அதற்குள் விழும் நிலாவின் பிம்பம் எட்டு மில்லிமீட்டர்தான். கொண்டைக்கடலை! கீரனூரில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர் தன் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கொடுத்து, "ஐபீஸையே புரொஜக்டர் ஆக்கிடுங்க" என்றார். சினிமாக் கொட்டகை டெக்னிக்தான். திரைக்குப் பதில் கேமராவின் சென்சார். ஐபீஸிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரத்தை ஐபீஸின் குவிதூரத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் எத்தனை மடங்கு என்று வரும். 25 மி.மீ. ஐபீஸ், 150 மி.மீ. தூரம்... ஐந்து மடங்கு. நிலா 41 மி.மீ. ஆச்சு. சென்சாரோ 36க்கு 24. மிச்ச நிலா வெளியே!

அது போகட்டும். நான் பி.காம். ஓசியில் எதுவும் பெருகாது என்று தெரிந்திருக்க வேண்டாமோ? நீளத்தில் ஐந்து, அகலத்தில் ஐந்து... இருக்கிற வெளிச்சமே 25 பங்காகப் பிரிகிறது. 1/50 விநாடியில் முடியவேண்டிய படம் அரை விநாடி கேட்கிறது. அதற்குள் பூமி சுற்ற, நிலா நகர, பட்டனை அமுக்கின ஆட்டம் வேறு!

இந்தக் கடன் தொல்லையே இல்லாத ஆசாமி சூரியன். எங்கள் மாடியிலிருந்து தெற்கே மங்கலாய்த் தெரிகிறதே மலை, அதன்மேல் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். 15 செ.மீ. லென்ஸ் தரும் பிம்பத்தை இன்னொரு லென்ஸ் ஊதிப் பெரிசாக்கும். சூரியன் சுமார் 20 செ.மீ., நல்ல தோசை அகலம்! ஒரே லென்ஸில் இதை எடுக்க 22 மீட்டர் குவிதூரம் வேண்டும். வெளிச்சம் எத்தனை பங்கு குறைந்தால் என்ன, சூரியனிடம் ரொக்கத்துக்கா பஞ்சம்?

நிஜப் பஞ்சம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்ராஸ் மாகாணம் பட்டினி கிடந்ததைப் பார்த்து, சூரியனைப் படித்தால் மழையின் போக்கு புரியலாம் என்று நினைத்தார்கள். 1899ல் ஆய்வகம் மலையேறியது. மழைக் கணக்கு லேசில் பிடிபடவில்லை. ஆனால், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை எவர்ஷெட் 1909ல் அங்கேதான் கண்டுபிடித்தார். 11 வருஷத்துக்கு ஒரு தரம் புள்ளிகள் பெருகிக் குறைகிற கதையும் அந்த ஆல்பத்தில் நாள்வாரியாக இருக்கிறது. மேகம் மூடின நாளுக்கு மட்டும் படம் கிடையாது. இனி எடுக்கவும் முடியாது.

நானும் சூரியனுக்கு மாறினேன். டெலஸ்கோப்பில் கண் வைத்தால் பார்வையே போய்விடும், குழந்தைகளைக் கிட்டேயே விடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபைண்டரையும் மூடிவிடுங்கள். கேமரா வைப்பதென்றால், சூரியனுக்கென்றே விற்கிற ஃபில்டரை முன் லென்ஸில் மாட்டவேண்டும், ஐபீஸில் அல்ல. நான் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐபீஸிலிருந்து ஒரு அடி தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சூரியன், அதில் இரண்டு கறுப்புப் பொட்டு.

அம்மா குனிந்து பார்த்தார். "இந்தப் பொட்டாலதான் நம்மூருக்கு மழை வரலியா?"

"அதைக் கேட்டுத்தாம்மா அவங்க மலை மேல ஆபீஸே போட்டாங்க!"