டிராக்டரின் பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய்க் கசிவு

சங்கத்தின் டிராக்டர் அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து. பலர் கைமாறி ஓடும் பொருளில் தோன்றும் சிறு பழுதைத் தமது பொறுப்பென எவரும் கருதாதிருப்பது இயல்பு. முன் அச்சின் அடியில் சொட்டும் எண்ணெய் அத்தகைய பழுதுகளுள் ஒன்று. "குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு பருவம் முழுவதும் காலந்தள்ளும் சங்கங்களும் உண்டு. அங்கெல்லாம் கணக்கைப் புரட்டினால் மாதந்தோறும் எண்ணெய் வாங்கிய ரசீதுகள் இருக்கும். கசிவை நிறுத்தியிருக்கக்கூடிய ரப்பர் சீலுக்கான ரசீது மட்டும் இராது.

20 துளிகள் சேர்ந்தால் சுமார் ஒரு மில்லிலிட்டர் என்று கொள்வோம். விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால், 8 மணி நேர உழவில் 28,800 துளிகள், அதாவது 1,440 மில்லிலிட்டர் எண்ணெய் மண்ணோடு போய்விடும். பண நஷ்டம் இது. இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. முழு ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள டிராக்டரில், ஓட்டுநர் பிடிக்கும் சக்கரத்திற்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டின் இணைப்புக் கிடையாது. நடுவில் இருப்பது எண்ணெய் மட்டுமே. அது வற்றிய நிலையில், பாரம் ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் செல்லும் வண்டியைத் திருப்ப இயலாது.

கசியும் இடத்தை அறிதல்

தொட்டி, பம்பு, ஸ்டியரிங் கட்டுப்பாட்டு வால்வு, முன் அச்சில் உள்ள சிலிண்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் ஆகியவையே இதன் உறுப்புகள். எண்ணெய் சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ணிவிடலாகாது; மேலே கசிந்த எண்ணெய் வழிந்து கீழே சொட்டும். ஆகவே, முதலில் எல்லாப் பாகங்களையும் டீசலால் கழுவி உலரத் துடைக்க வேண்டும். பின்னர் எஞ்சினை ஓட்டி, ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்ப, மற்றொருவர் எட்ட நின்று கவனித்தால் ஈரம் முதலில் தோன்றும் இடம் புலப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லாரிச் சக்கரத்தின் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 100 பவுண்டு. ஸ்டியரிங் எண்ணெயின் அழுத்தமோ 1,000 பவுண்டையும் கடக்க வல்லது. ஹோஸின் ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் எறும்புக்கடி போலவே தோன்றும். ஆயினும் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலையே இழக்க நேரிடும். எனவே கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

வெளியே ஒரு துளியும் விழாமல் தொட்டி குறைவதும் உண்டு. எஞ்சினின் பல்சக்கரத்தால் சுழலும் பம்பின் தண்டு சீல் தேய்ந்தால், எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கும். ஸ்டியரிங் எண்ணெய் குறைந்து எஞ்சின் எண்ணெய் ஏறியிருந்தால் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

பழுது பார்த்தல்

எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் சில முறை அசைத்து அழுத்தத்தைத் தணித்த பின்னரே எதையும் கழற்றலாம்.

இணைப்பு நட்டில் கசிந்தால் இரண்டு ஸ்பேனர்கள் கொண்டு அளவோடு முடுக்கலாம். அப்படியும் நில்லாவிடில் ஓ-ரிங்கையோ செப்பு வாஷரையோ மாற்ற வேண்டும். மேலும் மேலும் முடுக்கினால் மரை கெடும். ஹோஸில் கசிந்தால் ரப்பர்த் துண்டும் கம்பியும் சுற்றிக் கட்டுவது வீண்வேலை. பழைய ஹோஸை மாதிரியாகக் கொடுத்து அதே நீளத்தில் புதிது செய்விக்க வேண்டும். மாட்டிய பின், சக்கரம் முழுவதும் திரும்பும்போது அது எங்கும் உராயாமலும் இழுபடாமலும் இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம்.

பழைய டிராக்டர்களில் அடிக்கடி கசிவது சிலிண்டரின் ராடு சீல். சிலிண்டரைக் கழற்றியதும் ஹோஸ் வாய்களை அடைத்துவிட வேண்டும். சீலைக் காட்டிலும் ராடையே முதலில் ஆராய வேண்டும். ராடில் கீறலோ துரு தின்ற குழியோ இருந்தால், புதிய சீலும் சின்னாட்களில் கிழியும். அத்தகைய ராடை மாற்றுவதே சிக்கனம். சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். எண்ணெய் தடவியே செலுத்த வேண்டும். பட்டறைகளில் துடைக்கப் பயன்படும் கழிவு நூல் இவ்வேலைக்கு ஆகாது. அதன் பிசிர் வால்வில் சிக்கும் என்பதை நெசவாள அன்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிசிரற்ற தூய துணியே ஏற்றது. பற்றவைத்து மூடிய சிலிண்டராயின் பிரிக்க வழியில்லை. முழுதாக மாற்ற வேண்டும்.

ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள கட்டுப்பாட்டு வால்வில் கசிவு இருந்தால், பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே விவேகம். அதன் உட்பல்சக்கரத்தைத் தவறான நிலையில் பூட்டினால், எஞ்சினை இயக்கியதும் ஸ்டியரிங் தானாகவே சுழலக்கூடும்.

காற்று நீக்கல்

பழுது முடிந்ததும், டிராக்டர் கையேடு கூறும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் கலந்தால் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டி, இருபுறமும் பலமுறை திருப்பினால் காற்று வெளியேறும். கோடியில் அழுத்திப் பிடித்தல் கூடாது. தொட்டியில் நுரை அடங்கியதும் அளவு பார்த்து நிரப்பலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

காலையில் வண்டியை எடுப்பவர் எண்ணெய் அளவைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிடுக. ஊற்றிய எண்ணெயையும் அதிலேயே எழுதுக. மூன்று நாள் தொடர்ந்து எண்ணெய் ஊற்ற நேர்ந்தால் வண்டியை நிறுத்திப் பழுது பார்ப்பதென நிர்வாகக் குழு தீர்மானித்துக்கொள்க. ஒரே வகை டிராக்டர் வைத்துள்ள அண்டைச் சங்கங்கள் கூடிச் சீல்களை முன்கூட்டியே வாங்கி வைத்தால், நாற்று முற்றிக் காத்திருக்கும் நாளில் ஒரு சீலுக்காக நகரத்திற்கு ஓட வேண்டியிராது.