பல்செட்டுக்கு முன் ஈறு

பற்களை எடுத்தபின் அவற்றைத் தாங்கிய தாடையெலும்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து தாழ்கிறது என்பதும், முழுப் பல்செட் அணிவோரிடம் இத்தேய்மானம் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதும் நெடுங்கால ஆய்வுகள் காட்டிய உண்மைகள். எலும்பு தாழும் அளவுக்கு அதன்மேல் போர்த்திய ஈறு சுருங்காததால், சிலருக்கு அது அசையும் சதைமேடாக எஞ்சுகிறது; சிலருக்கு உதட்டை ஈற்றோடு பிணைக்கும் ஃப்ரீனம் என்னும் சவ்வு தாடைமேட்டின் உச்சியை நெருங்கி நின்று, பேசும்போதும் மெல்லும்போதும் பல்செட்டைத் தூக்கிவிடுகிறது. இவற்றைத் திருத்தி, செயற்கைப் பல்லுக்கு உறுதியானதும் எளிதில் தூய்மை செய்யத்தக்கதுமான இடம் அமைப்பதே பல்செட்டுக்கு முன் செய்யும் ஈறு அறுவையின் நோக்கம்.

பொருந்தாத பழைய பல்செட்டின் விளிம்பு உராய்ந்து கன்னப் பள்ளத்தில் வளரும் சதைமடிப்பு தனிக் கவனத்துக்கு உரியது. பல்செட்டைச் சில வாரங்கள் கழற்றி வைத்தாலே வீக்கம் ஓரளவு வற்றிவிடும். எஞ்சியதை அறுத்தெடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் துறைமுக, ஆலைப் பகுதியில் இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கலாகாது. ஏனெனில், அங்கு உடலுழைப்பாளர் பலரிடம் வாய்ப்புற்றுக்கு வழிவகுக்கும் புகையிலையையும், அதோடு பாக்கு கலந்த மாவாவையும் வாயில் அடக்கும் பழக்கம், 2013இல் தமிழக அரசு குட்காவைத் தடைசெய்த பின்னும் மறையவில்லை. பாக்கு வாயின் உட்சவ்வை நாராக இறுக்கிவிட்டால் அளவெடுக்கும் தட்டே உள்ளே நுழையாது. அந்நிலையில் அந்த இறுக்கத்துக்கு மருத்துவம் செய்வதே முதற்கடமை.

மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, தளர்ந்த ஈற்றை ஆப்பு வடிவில் நீக்கி, கூரிய எலும்பு முனையை அராவித் தையலிடுவது பெரும்பாலும் அன்றே வீடு திரும்பத்தக்க சிறு அறுவைதான். ஆயினும் அசையும் ஈறு முழுவதையும் வெட்டினால் மேட்டின் உயரமே குறையக்கூடும் என்பதால், அதை அழுத்தாமல் அளவெடுத்துப் பல்செட் செய்வது பலருக்கு மேலானது. இச்சிகிச்சைக்கு நாடத்தக்க, 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பதால், கும்மிடிப்பூண்டித் தடத்தில் கடற்கரை நிலையம் வருவோருக்கு அது அடுத்த நிலையத்திலேயே கிட்டும்.

தையல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிக்கப்பட்டாலும், ஈறு தன் வடிவம் பெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் எடுக்கும் அளவு பின்னர் பொருந்தாது. அன்றாடக் கூலியை நம்பியவர்க்கு இக்காத்திருப்பு கடினம் என்பதால், பழைய பல்செட்டின் உட்புறம் மென்பூச்சிட்டு இடைக்காலத்துக்குத் தருவதும், சர்க்கரை நோயும் புகையிலையும் ஆறுதலைத் தாமதப்படுத்தும் என்பதை முதல் நாளே விளக்குவதும் மருத்துவரின் பொறுப்பு.