பாறை விடும் மூச்சு

கதிரியக்கம் என்றவுடனே, ஐதராபாத்வாழ் தமிழன்பர்களுள் பலருக்கு 1971-ல் இங்கு நிறுவப்பெற்ற அணு எரிபொருள் தொகுதியே நினைவுக்கு வரும். ஆயின் நம் காலடியிலுள்ள பாறையே இயற்கையாகக் கதிரியக்கம் உடையது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோல்கொண்டாவிலும் பஞ்சாரா குன்றுகளிலும் அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் கருங்கற் பாறைகளில் யுரேனியம் மிகச் சிறிதளவு கலந்துள்ளது. அது படிப்படியாகச் சிதைந்து, ரேடியமாகி, பின்னர் ரேடான் என்னும் வாயுவாகிறது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, மண்ணின் நுண்துளைகள் வழியே வெளிப்பட்டுக் காற்றில் கலக்கிறது. 3.8 நாட்களில் அதில் பாதி அழிந்து, அதன் சேய்ப் பொருள்கள் தூசியில் ஒட்டிக் கொள்கின்றன. காற்றில் இக்கதிரியக்கம் உண்டென்பதை 1901-ல் ஜெர்மானிய அறிஞர்களான எல்ஸ்டரும் கைட்டலும் கண்டனர். மறு ஆண்டே மழைநீரிலும் அஃது உண்டென வில்சன் காட்டினார்.

இதன் அளவு நாள்தோறும் ஒரே நிலையில் இருப்பதில்லை, வானிலைக்கேற்ப மாறும். மார்கழி இரவுகளில் தரை குளிர்ந்து, அதனை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடிபோல் அமைகிறது. காற்றசைவில்லாத அவ்வேளையில் ரேடான் தரையருகே தேங்கி, விடியற்காலையில் மிகுதியாகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலெழுந்து, அதனைக் கலைத்துவிடுகிறது. பிற்பகலில் அளவு குறைந்துவிடும்.

தென்மேற்குப் பருவக் காற்றோ கடல்மேல் வருவது; கடலிலிருந்து ரேடான் வெளிவருவது மிகக் குறைவு. நனைந்த மண்ணின் துளைகளையும் நீர் அடைத்துக் கொள்கிறது. எனவே மழைக்காலத்தில் காற்றிலுள்ள ரேடான் குறைகிறது. ஆனால் மழை பெய்யும்போது அளவுகருவியின் முள் சற்று உயரும்! வானில் மிதக்கும் சேய்ப் பொருள்களை மழைத்துளிகள் தரைக்குக் கொணர்வதே காரணம். அவற்றுள் முக்கியமானவை அரைமணி நேரத்துக்குள் பாதியாக அழிபவை; சில மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். மழையில் நனைந்து வரும் குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. தலையைத் துவட்டி விடுங்கள், போதும்.

கவனம் வேண்டுவது வீட்டினுள்ளேதான். திறந்த வெளியில் ரேடான் பொதுவாக ஒரு கனமீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல் வரையே இருக்கும். வீடுகளில் அது 100-ஐத் தாண்டாதிருத்தல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பூட்டிய அறையில், அதிலும் தரைத்தள வீடுகளில், அது சேர்ந்துவிடக் கூடும். நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசித்தால் நுரையீரற் புற்றுநோய்க்கு வழியாகும். புகைபிடிப்போருக்கு அபாயம் பன்மடங்கு.

பரிகாரமோ செலவற்றது. குளிருக்கு அஞ்சி நாள் முழுதும் ஜன்னலை மூடி வைக்காதீர்கள். பொழுது ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, வீட்டினுள் காற்றை உலவவிடுங்கள். ஊரில் நம் பாட்டிமார் நாள்தோறும் செய்துவந்த காரியந்தான் இது!